ஐந்தாவது குடித்தனம்

எங்கள் மாமியார் வீட்டு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிதான் போட முடியும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அது என் நாற்காலி. என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணமானதும் அது சகலையின் நாற்காலி ஆகிவிட்டது. என்னை எழுந்திருக்கச் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். "சின்ன மாப்பிள்ளைக்கு எப்படி வேர்க்குது பாருங்க" என்றார் மாமியார். நானே எழுந்துகொண்டேன். இதையெல்லாம் ஒரு விஷயமென்று சொல்கிறானே என்று நினைப்பீர்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னது நீங்கள்தான்.

சகலைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மருந்துகளை உறைகுளிரில் வைத்துப் பாதுகாக்கும் கிடங்கு எங்கள் கம்பெனியுடையது. நான் கம்ப்யூட்டர் பிரிவு. அவர் வாடிக்கையாளர்களிடம் பேசும் பிரிவு. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு நல்ல வாய். வந்த வேகத்தில் ஆபீசே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

கிடங்கின் குளிர் அறைகளின் வெப்பநிலையை பிளாக்செயினில் பதியலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. பதிவை ஒருவரே வைத்திருந்தால் திருத்திவிடலாம். பலரிடம் ஒரே பிரதி இருந்தால், ஒருவர் திருத்தியதை மற்றவர்கள் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். விஷயம் இவ்வளவுதான். முதலில் ஒரு டெஸ்ட் நெட்வொர்க் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான்கு கம்ப்யூட்டர் கேட்டேன், கிடைக்கவில்லை. என் மேஜைக்கடியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் நான்கு கன்டெய்னர்களை, அதாவது மென்பொருள் தடுப்புகளை, ஓடவிட்டேன். ஒரு வீட்டைத் தடுத்து நான்கு குடித்தனம் வைப்பது மாதிரி. ஒவ்வொன்றும் தன்னைத் தனி வீடென்று நினைத்துக்கொள்ளும். ஒரு பதிவு வந்தால் கூடி வாக்களித்து ஏற்றுக்கொள்ளும். யார் யாருக்கு வாக்குரிமை என்பதை பதிவேட்டின் முதல் பக்கமான முதல் பிளாக்கிலேயே எழுதிவிட வேண்டும். நான்தான் எழுதினேன். ஆரம்பத்தில் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் கிடந்தன. நாட்கணக்கில் மல்லுக்கட்டித்தான் பேச வைத்தேன்.

அதை இயக்குநர்களுக்கு விளக்கியவர் சகலை. நான் ப்ரொஜெக்டர் ஒயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "இதை யாராலயும் அழிக்க முடியாது" என்று அவர் சொன்னதும் கை தட்டினார்கள். மேஜைக்கடியில் ஒரே கட்டளையில் நான்கு குடித்தனமும் காலியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. திட்டத் தலைவர் பதவி அவருக்குப் போனது. "எல்லாம் அண்ணா செஞ்சது, நான் வாயை மட்டும்தான் வாடகைக்கு விட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கும் அவருக்கே கைதட்டல். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். அன்று மாமியார் எனக்குப் போன் செய்து, "சின்ன மாப்பிள்ளைக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்க" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மற்ற மூன்றும் தெரியும், அதனால் திரையில் மூன்று என்று காட்ட வேண்டும். ஒருநாள் நான்கு என்று காட்டியது. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். நான் கட்டிய வீட்டில் எனக்குத் தெரியாமல் யார் குடிவரப் போகிறார்கள்.

சோதனைக்கு மூன்றாம் அறையை எடுத்துக்கொண்டேன். அதன் வெப்பமானி, உள்ளே இருக்கும் அவசரப் பொத்தான், சுவரில் ஒயரோடு மாட்டியிருந்த, குறிப்பு எழுதும் கைக்கருவி மூன்றையும் டெஸ்ட் நெட்வொர்க்குக்குத் திருப்பினேன். பொத்தானை அழுத்தினால் காவலாளியிடம் மணி அடிக்காது, என் திரையில் ஒரு பதிவு விழும். சகலைக்கும் இது தெரியும், அனுமதி கொடுத்ததே அவர்தான். உள்ளே ஆள் இருக்கும்போது நான் திரை முன்னால் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி பழுதாகியிருந்தது. "திங்கக்கிழமை மாத்திடறேன், அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க சார்" என்று மெக்கானிக் என்னிடம்தான் சொன்னார். சகலையிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முன்பு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது சரியல்ல. மறக்கவில்லை.

சனிக்கிழமை, அரை நாள். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. "மூணாம் ரூம் வெப்பமானி தப்பா காட்டுது, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க" என்றேன். வெப்பமானி சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. "இதோ வந்துடறேன், நீங்க ஸ்கிரீனைப் பாத்துக்கோங்க அண்ணா" என்று குளிர்கோட்டுகூடப் போடாமல் போனார்.

முதலில் பொத்தான் பதிவு விழுந்தது. பிறகு ஒரு குறிப்பு: "அண்ணா, கதவு மாட்டிக்கிச்சு. வந்து திறங்க." நான்கு குடித்தனமும் தடங்கலின்றி அதை ஏற்றுக்கொண்டன. என் வேலை எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்று அப்போதும் ஒரு திருப்தி வந்தது. அடுத்தது: "அவசரமில்ல அண்ணா. கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்." அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது. திரையை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

"சின்னவர் வரலையா?" என்றார் மாமியார்.

"வேலை முடியல அத்தை. நம்மளை சாப்பிடச் சொன்னார்."

விசிறி நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். முதல் பரிமாறல் எனக்குத்தான். கொழுந்தியாள் போனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டே இருந்தாள். "எடுக்கவே மாட்டேங்கறாரு அத்தான்." உள்ளே சிக்னல் கிடைக்காது என்றேன். அது உண்மை. நான் பொய் பேசுகிறவன் இல்லை. சாப்பிட்டபின் அந்த நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

சாயங்காலம் திரும்பிப் போய் மிச்சக் குறிப்புகளைப் படித்தேன். கதவை வெளியிலிருந்து தட்டினேன், பதில் இல்லை. பொத்தானைப் பழையபடி காவலாளியின் மணிக்குத் திருப்பிவிட்டு, அந்த ஒரே கட்டளையைத் தட்டினேன். நான்கு குடித்தனமும் சாமான்களோடு காலி. கொழுந்தியாள் போன் செய்து தேடச் சொன்னதில், காலையில் காவலாளி கதவைத் திறந்தார். பொத்தான் கோளாறு, கைப்பிடிக் கோளாறு, விபத்து என்றார்கள். நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுகை வந்தது. திட்டத்தை என்னிடம் கொடுத்தார்கள். மாமியார் எல்லாவற்றுக்கும் என்னையே கேட்க ஆரம்பித்தார்.

பிறகு கொழுந்தியாள் சகலையின் லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். நான் ஆபீசில் எழுதி வைத்திருந்த செய்முறையைப் பார்த்து, வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த அந்த லேப்டாப்பில் ஐந்தாவதாக ஒரு கன்டெய்னரை அவர் சேர்த்துவிட்டிருந்தார். வாக்கு கிடையாது, மற்றவர்கள் ஏற்றதையெல்லாம் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அண்ணா பாடம்'. "உங்க வேலையைக் கத்துக்கணும்னு ஆசை அத்தான் அவருக்கு. தெரிஞ்சா சிரிப்பீங்கன்னு சொல்லல" என்று உங்கள் முன்னால்தானே சொன்னாள். அப்போதுதான் அந்த நான்கு எனக்கு விளங்கியது.

ஆமாம், உள்ளே அனுப்பியது நான். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சாப்பிடப் போனதும் நான்தான். ஆனால் நீங்கள் இரண்டாவது குறிப்போடு படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கடைசிக் குறிப்பையும் படியுங்கள். "நீங்க பாத்திருக்க மாட்டீங்க அண்ணா, பாத்திருந்தா ஓடி வந்திருப்பீங்க. உங்க மேல தப்பில்ல." போகிறபோதும் நல்ல பெயரை அவரே தட்டிக்கொண்டு போய்விட்டார், அது ஒருபக்கம் இருக்கட்டும். என்மேல் தப்பில்லை என்று அவரே எழுதியிருக்கிறார் சார். அதை இனி யாராலும் திருத்த முடியாது.