தலையோடு வர வேண்டும்

மீன்கொத்தியின் தலையிலிருந்து ஒரு பேனை முழுசாக எடுப்பது எப்படி என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. சின்ன விஷயம்தான், ஐயா. ஆனால் அங்கிருந்து தொடங்கினால்தான் உங்கள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியும்.

இந்தப் பேன் இறகைக் கடித்துத் தின்னும். பறவை உடம்பெல்லாம் அலகால் கோதிக்கொள்ளும். தன் தலையை மட்டும் கோத முடியாது. குண்டுப் பேன்கள் அங்கேதான் குடியிருக்கும். ஓர் இறகிழையைத் தாடையால் கவ்விவிட்டால் லேசில் விடாது. இடுக்கியால் இழுத்தால் உடம்பு கையோடு வரும், தலை இறகிலேயே நின்றுவிடும். தலையின் வடிவமும் அதிலுள்ள முடிகளும் தெரியாமல் என்ன இனம் என்று சொல்ல முடியாது.

ஆராய்ச்சிக்காகப் பறவைகளை நாங்கள் கொல்வதில்லை. இறால் பண்ணை வலையில் சிக்கிச் செத்தவற்றைத் தனித்தனிப் பையில் கட்டி, என் அண்ணன் ரெக்ஸின் மீன் கம்பெனிக் குளிரறையில் வைப்போம். சேர்த்துக் கட்டினால் ஒன்றின் பேன் மற்றதில் ஏறிவிடும். எது யாருடையது என்பது எங்கள் வேலையில் முக்கியம்.

பழையகாயல் பக்கம் கிடைத்த ஒரு கருந்தலை மீன்கொத்தியில் யாரும் விவரிக்காத பேனைக் கண்டேன். பொட்டாஷ் காரக் கரைசலில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, படம் வரைந்து, கட்டுரை எழுதி முடித்தேன். என் அப்பா ரோச்சின் பெயரை அதற்கு வைத்தேன். அப்பா சங்கு குளிக்கப் போனவர். உடம்பு கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் இல்லை. அவர் பெயரை எழுத எனக்கு ஓரிடம் வேண்டியிருந்தது.

திருத்தித் தரச் சொல்லி என் பேராசிரியர் செல்வதுரையிடம் கொடுத்தேன். அவர் தன் பெயரில் அச்சேற்றினார். பேனுக்குத் தன் பேரன் பெயரை வைத்தார். போய்க் கேட்டபோது மக்ரூன் தின்றுகொண்டிருந்தார்.

"ஏளா விஜிலா, பேனுக்குப் போயா அழுவ? ஒங்கப்பன் பேர பேனுக்கு வச்சா ஊரு சிரிக்காதா?"

டப்பாவை என் பக்கம் தள்ளினார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும் என்பது விதி. நல்ல விதி. நான் அதைக் குறை சொல்லவில்லை.

குளிரறைக் கதவின் உள்பிடி உடைந்திருந்தது. உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மீன்பெட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். "முட்டு இல்லாம யாரும் போகாதிய" என்று ரெக்ஸ் எல்லாரிடமும் சொல்வான். சாருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பனிமய மாதா தேருக்கு முந்தின நாள் மத்தியானமே கம்பெனியை மூடிவிட்டார்கள். பறவைப் பைகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். பிறகு சாருக்குப் போன் செய்தேன். இன்னொரு மீன்கொத்தி வந்திருக்கிறது, தலையில் வேறு மாதிரிப் பேன் தெரிகிறது, நான் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றேன். எனக்கு முன்னால் ஆட்டோவில் வந்து நின்றார்.

"ஏளா, எங்க இருக்கு?"

"கடைசி அடுக்குல, சார்."

பெட்டியை ஒழுங்காக முட்டுக் கொடுத்தார். கவனமான மனிதர். அவர் கடைசி அடுக்குக்குப் போனதும் பெட்டியைக் காலால் நகர்த்தினேன். கதவு தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் தட்டினார். கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திருவிழா முடிந்து திறந்தபோது சார் கதவோடு ஒட்டி விறைத்து உட்கார்ந்திருந்ததாக ரெக்ஸ் சொன்னான். பை கையில் இருந்ததாம். விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம். அதில் இருந்தது சாதாரண மீன்கொத்தி.

நான் கோபக்காரி இல்லை, ஐயா. அவ்வளவு பெரிய ஆளை ஒற்றைப் பெண் எப்படி உள்ளே தள்ளினாள் என்றுதானே கேட்டீர்கள்? தள்ளவில்லை. பேனையும் இழுக்கக் கூடாது. பறவை செத்து உடம்பு ஆறும்போது, பக்கத்தில் சூடான உள்ளங்கையைக் காட்டினால் போதும். அதுவே பிடியை விட்டுவிட்டு நடந்து வரும், தலையோடு. சாருக்கு வேண்டியதைக் காட்டினேன். வந்தார். கதவைச் சாத்தினேன்.