ஆர்கஸுக்கு நீட்டிய குழல்

நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பாலசுப்ரமணிய ஐயர். வெளிச்சம் இடது தோளுக்கு மேலாக விழுந்தால்தான் எழுதுகிற கையின் நிழல் காகிதத்தை மறைக்காது. இருபது வருஷம் படம் எழுதியவன் சொல்கிறேன். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள அலிப்பூர் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பது என் பாக்கியம். ஆசாரம் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் துரை ரோமாபுரிக் காலத்துக் கோயில் சுவர்ச் சித்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். தோண்டியபோது கிடைத்த சித்திரங்களைச் சுவரோடு பெயர்த்து நேப்பிள்ஸில் வைத்திருக்கிறார்களாம். போட்டோக்களைப் பார்த்து, துரையின் குறிப்புப்படி வர்ணம் தீட்டுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் பட்டாபிராமனாகிய நானும், வெங்கடராமனும். வர்ணம் குழைப்பது மூத்தவனான நான். முகம், கண், கூந்தல் இழை எல்லாம் அவன். பவானிபூரில் ஒரே சந்தில் குடியிருந்தோம்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். காளிகாட்டில் படம் எழுதி விற்கிறவர்களிடம் போய், தூரிகை முனையை உதட்டில் வைத்து உருட்டிக் கூராக்கக் கற்றுக்கொண்டு வந்தான். எச்சில் தூரிகையால் தெய்வத்தின் முகம். ரோமாபுரித் தெய்வமானாலும் தெய்வம் தெய்வம்தானே? பல தடவை சொன்னேன், சிரித்தான். அவன் கோடு என் கோட்டைவிட மெல்லியதாக விழுந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் நியாயஸ்தன்.

அந்தச் சுவர்ச் சித்திரங்களில் ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். இயோ என்று ஒரு பெண். அவர்களுடைய தேவராஜன் ஆசைப்பட்டதால் பசுவாகிப்போனவள். நெற்றியில் இரண்டு சின்னக் கொம்பு. அவளுக்குக் காவல் ஆர்கஸ் என்பவன். அவனைத் தூங்கவைத்துத் தலையை வெட்ட ஹெர்மீஸ் என்ற தேவதூதன் வந்திருக்கிறான். ஆனால் சுவரில் வெட்டு இல்லை. தூதன் சிநேகமாகக் குழலை நீட்டுகிறான், காவல்காரன் கையை நீட்டுகிறான், அவ்வளவுதான். அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதில் வெங்கடராமன் எழுதிய முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் துரை, அவனை நேப்பிள்ஸுக்கே அழைத்துப் போவதாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது; மறைக்கவில்லை. என்னைத்தான் அழைப்பார் என்று நம்பி, கடல் தாண்டினால் என்ன பிராயச்சித்தம் என்று சாஸ்திரிகளிடம் நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் துரை ஒரு பச்சை வர்ணப் புட்டியைக் கொடுத்தார். பாஷாணம் கலந்தது, வாயில் படக்கூடாது, வெங்கடராமனிடமும் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு டார்ஜிலிங் போனார். நான் சொல்லவில்லை. குழைத்துக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அதே படத்தில் பாறை இடுக்கில் புல் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு புல்லுக்கும் முனை கூராக வேண்டும்.

பத்து நாளில் வாந்தி, பாதத்தில் எரிச்சல். ஒரு மத்தியானம் என்னைக் கேட்டான்.

"அண்ணா, நாக்கெல்லாம் செம்பைக் கடிச்ச மாதிரி இருக்கு. வர்ணத்துல ஏதாவது இருக்குமோ?"

"காளிகாட்ல கண்ட தண்ணியைக் குடிச்சிருப்பே. மிளகுக் கஷாயம் வெச்சுக் குடி," என்றேன். மிளகுகூட நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு படுத்துவிட்டான். படம் முடியாவிட்டால் நேப்பிள்ஸ் கைவிட்டுப் போய்விடுமே என்று அழுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. பலகை, காகிதம், பச்சைக் கிண்ணம் எல்லாவற்றையும் அவன் படுக்கையருகிலேயே கொண்டுபோய் வைத்தேன். தினமும் புதிதாகக் குழைத்துக் கொடுத்தேன். பேனாவை நிறுத்தாதீர்கள்; மை காய்ந்துவிடும்.

அவனுக்கு உதடு வெடித்துப்போய் முனையைக் கூராக்க முடியவில்லை. அவன் ஆம்படையாள் காமு, பத்தொன்பது வயசுப் பெண், அடுக்களையிலிருந்து வந்து தூரிகையை வாங்கினாள். புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிறவளுக்கு அவன் எச்சிலில் என்ன கூச்சம்? தன் வாயில் வைத்து உருட்டிக் கூராக்கிக் கொடுத்தாள். புல்லுக்கு ஒரு தடவை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் படுக்கும்வரை நாலு நாள் அப்படித்தான் வேலை நடந்தது. புல் அருமையாக வந்தது.

அவன் வெள்ளிக்கிழமை போனான். அவள் அடுத்த புதன்கிழமை. டாக்டர் காலரா என்று எழுதினார். இரண்டு பேருக்கும் தோள் கொடுத்தவர்களில் நான் ஒருவன். துரை திரும்பி வந்து, அவனிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் பேசி எனக்குப் பழக்கமில்லை.

வெங்கடராமனைக் கொன்றது நான்தான். எச்சிலுக்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் காமுவின் சாவை என் தலையில் கட்டாதீர்கள். அவள் வாயில் வைத்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா, ஐயர்? பிறத்தியார் பெண்டாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவது நம் ஆசாரத்தில் இல்லை.