ஈவார் காத்திருந்த மதியம்

பயணத்துக்குச் சாப்பாடு கட்டுறது எனக்கு எப்பவுமே பிடிக்கும், தம்பி. தட்டை ரொட்டி, வெண்ணெய், புகைபோட்ட ஆட்டுக்கறி, ஃபிளாஸ்க் நிறைய காபி. இந்த ஆகஸ்ட்லயும் அப்படித்தான் கட்டினேன். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சேன்னு ஜீப்புல பனிமலைப் பக்கம் ஏழு நாள் சுத்து. நாங்க ரெண்டு பேர் மட்டும். திட்டம் போட்டது ஈவார்தான்.

என் புருஷனைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டாம். மீட்புப் படையில உனக்குக் கயிறு கட்டக் கத்துக்கொடுத்ததே அவன்தான். ஊர்ல யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுவாங்க. ஊர்ப் பொது வெந்நீர்த் தொட்டியில கழுத்தளவு உட்கார்ந்துக்கிட்டு பொம்பளைங்க என்கிட்டயே சொல்வாங்க, "நீ குடுத்து வெச்சவ, ஹல்லா." நானும் தலையாட்டுவேன். ஃபோன் அடிச்சா கிளம்பிடுவான். கிறிஸ்துமஸ் விருந்துலயும் சரி, எங்கப்பா செத்தன்னைக்கும் சரி. எவனோ ஒருத்தன் கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டுப் பனிப்பாறை ஏறியிருப்பான். இவன் போய் இறக்கணும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அலுத்துப்போச்சு தம்பி. கோபம்னு எழுதாத. அலுப்புன்னு எழுது.

போன வருஷம் படையிலேர்ந்து ஓய்வு வாங்கினான். அப்பாடான்னு இருந்தது. பயணத்துல மூணாம் நாள், ஏதோ வாடகைக் கார் சகதியில மாட்டிக்கிச்சுன்னு வயர்லெஸ்ல கேட்டுது. "பக்கத்துலதான் ஹல்லா. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்"ன்னு பயணிகள் ராத்தங்கற மலைக் குடில்ல என்னை இறக்கிவிட்டுப் போனான். ஏழு மணி நேரம். திரும்பி வந்தப்போ முகமெல்லாம் சேறு, அப்படி ஒரு சந்தோஷம். "அந்தப் பொண்ணு என்னைப் பார்த்ததும் அழுதுட்டா, தெரியுமா?"ன்னான். சூப்பைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் தெற்கே போறதா ஏற்பாடு. குடிலை விட்டுக் கிளம்பறவங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு அங்க இருக்கிற புத்தகத்துல எழுதணும். தெற்கேன்னு எழுதியிருந்தா, அவங்க வழியில வர்ற பனியாத்தைத் தாண்டிட்டாங்களான்னு மதியம் மூணு மணிக்கு குடில் காவல்காரி ஸோல்வெய்க் தன் வண்டியில வந்து பார்ப்பா. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே ஈவார்தான். ஜீப்பை எடுக்கும்போது கேட்டான், "புத்தகத்துல எழுதிட்டியா?" எழுதிட்டேன்னேன்.

வெயில் ஏற ஏறப் பனி உருகும், ஆறு பொங்கும். பன்னண்டுக்குள்ள தாண்டிடணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் வழியில எரிமலை வாயைச் சுத்தி நடக்கணும்னேன். நடந்தோம். அப்புறம் கருப்பு மணல்ல துணி விரிச்சுச் சாவகாசமாச் சாப்பிட்டேன். "தண்ணி ஏறிடும்டி"ன்னான். "நேத்து நான் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேனே"ன்னேன். பக்கத்துல வந்து உட்கார்ந்தான். "சரி, மெதுவா சாப்பிடு. எனக்கு என்ன அவசரம்?"னு என் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தான். முப்பது வருஷத்துல எனக்காக அவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நல்லாத்தான் இருந்தது.

ஆத்தங்கரைக்கு வந்தப்போ ஒண்ணேகால். "ஆழம் பார்த்துட்டு வரேன், கயித்தைப் பார்த்துக்கோ"ன்னு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கிட்டு இறங்கினான். ஒரு முனை அவன் இடுப்புல, மறுமுனை ஜீப்புல. வயர்லெஸ்ஸும் ஃபோனும் சீட்டுலயே கிடந்தது. நடு ஆத்து மணல்திட்டுல ஏறி நின்னு கையாட்டினான். கயிறு நழுவிடுச்சுன்னு அன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல உன்கிட்ட சொன்னேனே, அது பொய். அவன் போட்ட முடிச்சு தானா நழுவாதுன்னு உனக்கே தெரியும். நான் அவிழ்த்தேன். விரல் நகம் ரெண்டு உடைஞ்சுது.

முதல்ல சிரிச்சான். "போதும்டி, நீ ஜெயிச்சுட்ட, கட்டு"ன்னு கத்தினான். நான் ஜீப்பை மேட்டுக்கு ஓட்டிட்டுப் போய் நிறுத்தினேன். அங்கேர்ந்து எல்லாம் தெரியும். தண்ணி ஏற ஏற மணல்திட்டு பாய் அளவுக்குச் சுருங்கிடுச்சு. ரெண்டு கையையும் விரிச்சு மேலே தூக்கினான். உதவி வேணும்னு அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஃபிளாஸ்க்ல காபி இன்னும் சூடா இருந்தது.

மூணு மணி நெருங்கினதும் என் பக்கம் திரும்பறதையே விட்டுட்டான். குடில் பாதையையே பார்த்துக்கிட்டு நின்னான். ஸோல்வெய்க் வருவான்னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. முழங்கால் அளவு, அப்புறம் தொடை அளவு. மூணரை வரைக்கும் நின்னான். அதுக்கப்புறம் அங்க யாரும் இல்லை.

அவனைக் கொல்லணும்னு நான் நினைக்கலை, தம்பி. காத்திருக்கறதுன்னா என்னன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கட்டும்னுதான். கயித்தைக் கையில தொட்டப்போதான் அந்த நினைப்பே வந்தது. அதுக்கு முன்னாடி சத்தியமா இல்லை. அதை அப்படியே எழுதிக்கோ.

குடில் புத்தகத்தை ஏன் என் பக்கம் திருப்புறே? ஆமா, என் கையெழுத்துதான். காலையில ஆறரை மணிக்கு, ஈவார் தூங்கிக்கிட்டிருந்தப்போ எழுதினது. 'ஈவார், ஹல்லா. வடக்கே போகிறோம்.'