கணவனுக்குச் சேர வேண்டிய படங்கள்

நீலக் கண்ணைப் படம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதிகாரி ஐயா. படத்தில் அது குருடன் கண் மாதிரி வெளிறிப்போய் விழும். நம் குடாக்கரையில் பாதிப் பேருக்கு நீலக் கண்தான். பெர்கன் நகரத்திலிருந்து வந்த படக்காரர்கள் அதனாலேயே கெட்ட பேர் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கண்ணாடித் தகட்டை ஊசிமுனையால் சுரண்டிக் கருமணி வைப்பேன்; சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். இருபத்தாறு வருஷத்தில் என் கடையில் ஈ ஓட்டியதே இல்லை.

1879 மார்ச்சில் தாரால்ட், அமெரிக்கா போகிறேன் என்று மனைவி குன்வோரிடம் சொல்லிவிட்டு, கப்பல் பிடிக்கத் துடுப்புப் படகில் தனியாகக் கிளம்பினான். மே மாதம் வெளித்தீவில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் ஊதிக் கிடந்தது. உங்களுக்கு முன்பிருந்த அதிகாரி என்னை அழைத்துப்போனார்.

"ஆன்டனு, உயிரோட இருக்கற மாதிரி கண்ணத் தொறந்து வச்சுக் குடுப்பா. கடை வாசல்ல மாட்டு, யாராவது அடையாளம் சொல்லட்டும்."

குனிந்தவுடனே தெரிந்துவிட்டது. தூண்டில் முள் கிழித்த இடது காது. அவர்கள் கல்யாணப் படத்தை எடுத்தவன் நானல்லவா.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் குன்வோர் விதவை. பள்ளிக்கூட வாத்தியார் அஸ்லாக் அவள் கறுப்புடை களையும் முன்பே பெண் கேட்டு நின்றிருப்பார். அவருக்குப் பேச்சு வரும், எனக்கு வராது. எனக்கு அவளைப் பிடிக்கும் ஐயா. கல்யாணப் படத்துக்காக அவள் தாடையைத் தொட்டுத் திருப்பிய நாளிலிருந்தே பிடிக்கும்.

ஆகவே படத்தில் நீலக் கண் தாரால்டுக்குக் கறுப்புக் கண் வைத்தேன். தகட்டில் பென்சில் தீற்றிய இடம் படத்தில் வெளுத்து விழும்; அப்படியே தாடியை மழித்தேன். காதையும் தைத்துவிட்டேன். முதலில் வந்து பார்த்தவள் குன்வோர்தான்.

"ஐயோ பாவம், யார் பெத்த புள்ளையோ" என்று உச்சுக்கொட்டினாள். "நம்ம ஆளுகிட்டேயிருந்து ஒரு கடுதாசியும் காணோம், அண்ணே."

அண்ணே என்றதுதான் கொஞ்சம் உறுத்தியது.

சிக்காகோவில் எனக்கொரு படக்காரச் சிநேகிதன் இருக்கிறான், நம் ஊர்க்காரர்கள் எல்லாம் அவன் கடைக்குத்தான் போவார்கள், உன் படத்தை அனுப்பி வாசலில் மாட்டச் சொல்கிறேன், தாரால்ட் ஒருநாள் பார்க்காமலா போவான் என்றேன். அன்றைக்கே உட்கார்ந்து எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஜூனிலும் வருவாள்.

"இந்தத் தடவ சிரிக்கட்டுமா அண்ணே? அழுத மூஞ்சியப் பாத்தா வர்ற மனுஷனும் வரமாட்டாரு."

வாத்தியார் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "புருஷன் இருக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது, வாத்தியாரே?" என்று கதவைச் சாத்தினாளாம். அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன்.

தப்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். போன மாதம் பெர்கன் கண்காட்சிக்குத் திருத்த வேலையில் சிறந்ததை அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பிணத்தை மிஞ்சிய வேலை என்னிடம் கிடையாது. திருத்துமுன் ஒன்று, திருத்திய பின் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். வெண்கலப் பதக்கம்கூடக் கிடைத்தது. கலைஞனுக்கும் ஆசை இருக்காதா? ஆனால் வேடிக்கை பார்க்கப் போன வாத்தியார் அந்தக் காதைப் பார்த்துவிட்டார். மறுநாளே நீராவிப் படகில் குன்வோரையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார்.

உங்களிடம் வருமுன் அவள் என் கடைக்கு வந்தாள். அழவில்லை.

"நாப்பது வயசாச்சுடா எனக்கு" என்றாள். "பதினோரு வருஷமா என்ன உக்கார வச்சுப் படம் எடுத்தியே, அதெல்லாம் எங்கடா?"

டா போட்டு அவள் பேசியது அதுதான் முதல் தடவை. கோபத்தில் இருக்கிறாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் படுக்கையறைச் சுவரை நீங்கள்தான் பார்த்தீர்களே. பதினொன்றும் வரிசையாக இருக்கின்றன, ஒரு கீறல் கிடையாது. காலையில் எழுந்ததும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கடை திறப்பேன். சாப்பாடும் அவள் எதிரில்தான். கணவனிடம் சேர்த்துவிடுங்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனாள். சேர்த்துவிட்டேன் ஐயா.