மாடி அறையில் எழுபத்தாறு நாள்

நீங்கள் வாங்கிக் கொடுத்த பப்பாளிப் பால் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தித்திப்பு அதிகம், ஆனால் ஒரு காவல் நிலையத்தில் இதற்குமேல் கேட்கக்கூடாது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தத் தாளில் ‘அடைத்துவைத்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தனியாக வைத்தார்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதன்பிறகு மீதியெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

என் பெயர் ஃபாங் யுவே-சின். வயது ஐம்பத்தேழு. இருபத்தொன்பது வருடம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு குப்பிகூட உடைந்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. தங்கை யுவே-லானும் நானும் காவ்ஷியுங் நகரின் யான்செங் பகுதியில் நாலாவது மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியில் தகரம் வேய்ந்த ஓர் அறை எங்களுக்குச் சொந்தம்.

வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. நீங்கள் சோதனை போட வந்தபோது பார்த்திருப்பீர்கள். உங்களோடு வந்த அதிகாரி கண்ணாடியில் விரல் வைத்தார். அதில் இருப்பவை பூச்செடிகள் அல்ல. பவளமும் கடல்சாமந்தியும் பார்வைக்குப் பூ. உண்மையில் அவை வாயும் வயிறும்தான். எந்த வாய் எந்த வாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம், எத்தனை விரற்கடை தள்ளி இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைப்பதுதான் இந்த வேலை.

பன்னிரண்டு வருடத்துக்குமுன் ஒரு தப்பு செய்தேன். கடையிலிருந்து கட்டைவிரல் அளவு பவளம் ஒன்றை வாங்கி வந்து, அன்றே தொட்டியில் இறக்கினேன். அதன் அடியில் ஒரு கண்ணாடிச் சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. களை அது. அரிசியில் பாதி இருக்கும், உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது. பிய்த்து எறியலாம் என்று தொட்டால் அதன் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக முளைக்கும். ஐந்து மாதத்தில் பாறையெங்கும் அதுதான். என் பவளங்கள் ஒவ்வொன்றாகக் கொட்டுப்பட்டுச் சுருங்கின. அந்தப் பவளத்தோடு வெண்புள்ளி நோயும் வந்திருந்தது. மீன்கள் உடம்பெல்லாம் உப்புத் தூவினாற்போல் ஆகிச் செத்தன. அன்றிலிருந்து எது வந்தாலும் முதலில் மாடி அறைதான். மருந்துத் தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு எழுபத்தாறு நாள் தனிமை. இடையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். இது நான் போட்ட விதி இல்லை. தொட்டி வைத்திருக்கும் எல்லாரும் கடைப்பிடிப்பது.

தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது, பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் இருக்கிறாள். ஒருவரைப் பிடித்துவிட்டால் நேரே வீட்டுக்குள் கூட்டிவந்துவிடுவாள். முன்பு ஒரு மனிதர் இப்படி வந்து மூன்று மாதம் இருந்தார், பிறகு காணாமல் போனார். லான் ஒரு வருடம் சோபாவை விட்டு எழவில்லை. நான் அப்போதே யோசித்தேன்: பவளத்துக்குச் செய்வதை அந்த ஆளுக்குச் செய்திருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்குமா?

ஆகவே போன ஜூனில், டிராகன் படகு விழாவுக்கு மறுவாரம், தெங் சாவ்-மூவை அவள் கூட்டிவந்தபோது நான் தயாராக இருந்தேன். கரோக்கே பாட்டுப் பெட்டி பழுது பார்ப்பவர், ஐம்பத்தொரு வயது, அடர்ந்த புருவம். கதவைத் திறந்ததுமே, “அக்கா, உங்களப் பத்திதான் லான் ஓயாம பேசுறா, பாத்தா நீங்க தங்கச்சி மாதிரி இருக்கீங்க!” என்றார். எல்லாரிடமும் சொல்வார்போல. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, கை கழுவாமல், தொட்டிக்குள் முழங்கைவரை விட்டு என் பெரிய சாமந்தியைத் தொட்டார்.

“அடடே, ஒட்டுது பாரு லான். என்னைப் புடிச்சிருக்கு இதுக்கு!”

லான் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதனால்தான் இந்த முறை எதையும் அவசரத்தில் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அன்றிரவு அவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். மறுநாள் காலை லான் வேலைக்குப் போனபின், மாடி அறையில் குளிரூட்டும் பெட்டி ஓடவில்லை, கொஞ்சம் பார்க்கிறீர்களா என்று அவரைக் கூப்பிட்டேன். வந்தார். பத்து நிமிடத்தில் சரிசெய்தும் விட்டார், நல்ல கைவேலை. கைபேசியைக் கீழே சார்ஜில் போட்டிருந்தார். நான் வெளியே வந்து இரும்புக் கதவைச் சாத்தினேன். பூட்டு இருந்தது உண்மை. கதவென்றால் பூட்டு இருக்கும்.

அறையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இருபத்தாறு டிகிரி, கோடையிலும் மாறாது. குளியலறை உண்டு. காலை பத்து முதல் இரவு எட்டுவரை நீல விளக்கு. குளியல் தொட்டியில் அயோடின் கலந்த தண்ணீரை முன்கூட்டியே நிரப்பிவைத்திருந்தேன்; முதல் நாள் கதவின் அடிச்சந்து வழியாக முறையைச் சொன்னேன்.

“அக்கா, வெளையாடாதீங்க. நான் என்ன மீனா?”

“மீன்னா அஞ்சு நிமிஷம் போதும். உங்களுக்குப் பத்து.”

அன்றைக்கு மறுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் இறங்கினார், சாப்பாடு அதன் பிறகுதான் என்று சொல்லியிருந்தேன். அதே சந்து வழியாக இரண்டு வேளை உணவு, கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்து நிமிடத்தில் சாப்பிடாததை எடுத்துவிடுவேன். மீந்தது கிடந்தால் தண்ணீர் கெடும். அவர் அறையில் தண்ணீர் இல்லை என்கிறீர்கள். பழக்கம் என்பது அதையெல்லாம் பார்ப்பதில்லை.

முதல் வாரம் கதவைத் தட்டினார், பலமாகவே; கீழே தொட்டியின் பம்புச் சத்தத்தில் லானுக்கு எதுவும் கேட்காது. பக்கத்து மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்க்கும் கோ என்பவர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா சத்தம் அங்க?”

“பம்பு.”

“பம்பு கெட்ட வார்த்தை பேசுது?”

“பழைய பம்பு.”

அவர் தலையாட்டிவிட்டுப் புறாவுக்குத் தீனி போடப் போனார். காவ்ஷியுங்கில் யாரும் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதில்லை, அதுதான் எனக்கு இந்த ஊரில் பிடித்தது.

அவர் கைபேசிக்குப் பூட்டு இல்லை; அதிலிருந்தே லானுக்குச் செய்தி அனுப்பினேன். கடலில் காற்றாலை நடும் கப்பலில் அவசர வேலை, எழுபத்தாறு நாள், அங்கே சரியாக சிக்னல் கிடைக்காது என்று. தினம் ஒரு செய்தி எழுதினேன். கடல் எப்படி இருக்கும், அலைக்கு அடியில் வெளிச்சம் எப்படி உடையும் என்றெல்லாம். மூன்றாவது வாரம் அவற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு கடைசிச் செய்தியை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

“அந்த கடைசி வரி இருக்குல்ல, அது நான் சொல்ற மாதிரி இல்ல,” என்றார். “நான்னா ‘சாப்டியா’ன்னுதான் கேப்பேன்.”

அன்றிலிருந்து சேர்ந்தே எழுதினோம். கீழே லான் செய்திகளைப் படித்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவுவாள். மேலே அவரும் பாட ஆரம்பித்தார், கரோக்கே பெட்டியோடு பழகிய குரல் அல்லவா. கோ அது ரேடியோ என்று நினைத்துச் சுவரருகே வந்து, இன்ன பழைய பாட்டைப் போடும்மா, புறாவெல்லாம் அதுக்கு நல்லா இறங்குது என்பார். நான் உள்ளே சொல்வேன். அவர் பாடுவார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனிதனுக்கு ஆகாது. அதற்குள் நானும் உள்ளே போய்வர ஆரம்பித்திருந்தேன்; அறையிலிருந்த சின்னத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடிச் சாமந்தியைக் கொல்ல, சுண்ணாம்பைக் குழைத்து ஊசியில் ஏற்றி அதன் வாயருகே மெல்ல வைக்கவேண்டும். தீனி என்று நினைத்து விழுங்கும். கை நடுங்கினால் சுருங்கி ஓட்டைக்குள் போய்விடும். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவர் பத்து நாளில் என்னைவிட நன்றாகச் செய்தார். பாசியைப் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்தெடுப்பது, உப்பின் அளவு பார்ப்பது, எல்லாம். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு வேளை மாடியேறியவள் ஐந்து வேளை ஏறினேன். முழங்கால் வலிகூட விட்டுவிட்டது.

எழுபதாவது நாள் அவர் கழுத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. சிவப்பாக, சிறியதாக.

“கொசு கடிச்சிருக்கு அக்கா.”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். லானுக்கு ஒப்பந்தம் நீண்டுவிட்டது என்று எழுதினோம். அவள் அன்று சாப்பிடவில்லை. அவளுக்காக எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது எண்ணிக்கையில்தான் அந்தப் புயல் வந்தது. லான் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டாள். காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. பம்பு நின்றால் தண்ணீரில் மூச்சு தீர்ந்துவிடும். கீழே இருந்த விலையுயர்ந்த பவளங்களை வாளிகளில் எடுத்து மாடிக்கு ஓடினேன். ஒன்பது மணி நேரம் அவரும் நானும் ஆளுக்கொரு அகப்பையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். தகரக் கூரை பறந்துவிடும்போல் அடித்துக்கொண்டது. கை ஓய்ந்தால் அவர், “அக்கா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்,” என்பார். ஒன்றுகூடச் சாகவில்லை. மின்சாரம் வந்தபோதுதான் கவனித்தேன், அத்தனை நேரமும் இரும்புக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அவரும் பார்த்தார். சாரல் அடிக்கிறது என்று சொல்லி அவரே போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடுதான் இருந்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுபத்து நாலாவது நாள் மறுபடி ஒரு புள்ளி கண்டேன். மூன்றாவது முறை எண்ணினோம். அதை அவர் தகராறு செய்யாமல் ஏற்றுக்கொண்டார். அதற்குள் அவருக்கே பயம் வந்திருந்தது. தினமும் கண்ணாடியில் தன் முதுகைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

பிறகு டிசம்பரில் அவருக்குத் தொண்டை கட்டி மூன்று நாள் பாட்டு இல்லை. கோ, கீழே குப்பை வண்டிக்குக் காத்து நின்ற லானிடம், “உங்கக்காவோட மாடி ரேடியோ ரிப்பேரா? புறாவெல்லாம் எறங்க மாட்டேங்குது,” என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. லான் குப்பைப் பையோடு அப்படியே மேலே ஏறி வந்தாள்.

நான் உள்ளே இருந்ததால் கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் திறந்தபோது அவர் நீல வெளிச்சத்தில் ஊசியும் கையுமாகக் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்துக் கத்தினார்.

“கதவச் சாத்து லான்! உள்ள வராத! இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு!”

அவள் கையிலிருந்து பை விழுந்தது. அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“கப்பல்லேருந்து எனக்கு எழுதுனது யாரு?”

“மொதல் மூணு வாரம் அக்கா,” என்றார் அவர். “அப்புறம் ரெண்டு பேரும்.”

“அந்த அலைக்கு அடியில வெளிச்சம்?”

“அது அக்காதான். எனக்கு அதெல்லாம் வராது.”

லான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முக்காலியை நகர்த்திப் போட்டேன், அவள் பார்க்கவில்லை. “நூத்தி எம்பத்தி மூணு நாள்,” என்றாள். “என் தலைக்கு மேலயே.” அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கைபேசியை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள். அவரைக் கீழே கொண்டுபோகும்போது உங்கள் ஆட்களைக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லபடியாகப் பழகிய ஒரு மனிதரை எண்ணிக்கை முடியாமல் வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மருத்துவர் அறிக்கையில் அவர் உடம்பில் கொசுக்கடித் தழும்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டாவது புள்ளி எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

அந்த எழுபத்து நாலாவது நாள் காலை அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். சவரம் செய்துகொண்டிருந்தார். “இன்னும் ரெண்டே நாள் அக்கா. கீழ போனதும் மொத வேலை, லானக் கூட்டிக்கிட்டு டவுன் பக்கம் வீடு பாக்கப் போறேன். ஒங்களுக்கும் இனிமே இந்த மாடிப்படி ஏறி எறங்குற கஷ்டம் இருக்காது,” என்றார்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், விரலிடுக்கில், எல்லா இடத்திலும். அரை மணிக்குமேல் ஆயிற்று. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள்பட்டைக்குக் கீழே, அவர் கண்ணாடியில் பார்க்க முடியாத ஓர் இடத்தில் விரலை வைத்து, இதோ ஒன்று என்றேன்.

அங்கே எதுவும் இல்லை. எதுவும் தெரியாதபோதுதான் நாம் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.