மண்டியிடாதவள்

மீனுக்குப் புகை போடும்போது அவசரம் ஆகாது, ஐயா. அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே ஊசிப்போகும். விக்டோரியா ஏரிக்கரையில் என் கொட்டகை மீனுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை.

என் தம்பி செம்பூயாவின் மனைவி நபதன்சியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அவளுக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்தது. வாழையிலையில் கிடத்தி, வாய்ப்புண்ணுக்கு இதமாகக் கஞ்சி ஊட்டியவள் நான். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தோல் திரும்பி வந்தது, மரியாதைதான் வரவில்லை. எங்கள் வழக்கப்படி கணவனின் அக்காளைக் கண்டால் மண்டியிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். இவள் சுவரைப் பிடித்து நின்றபடி தலையை மட்டும் ஆட்டினாள். மீன் வாங்க வந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"முட்டி தேஞ்சிருமா மகராணிக்கு?" என்று கேட்டேன்.

"குனிஞ்சா மூச்சு வரல அண்ணி. பேசவும் முடியல."

"மத்தோக்கே வாழக்காய்க் களிய உருட்டித் திங்க மட்டும் முடியுதாக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தோலை உரித்த அதே நோய் நெஞ்சுக்குள்ளும் இறங்கி, சின்ன மூச்சுக்குழாய்களைத் தழும்பாக்கி அடைத்துவிட்டதாம். இனி அது ஆறாது, புகைப் பக்கமே விடக்கூடாது என்றாராம் டாக்டர். தம்பி மீன்பிடிக்கப் படகேறும்போது இதையெல்லாம் சொல்லி, "அவளப் பாத்துக்கக்கா" என்றான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஐயா. புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் மீனைத் திருப்பிப் போடச் சொல்லி அவளைக் கொட்டகைக்குள் அனுப்பினேன். ஈர விறகு, புகை அதிகம். வெளியே தாழ்ப்பாள் போட்டவளும் நான்தான். "மண்டி போட்டு ஒரு வார்த்த கேளு, தொறக்கிறேன்" என்றேன். பெரிதாக ஒன்றும் நான் கேட்டுவிடவில்லை. முதலில் இருமினாள். பிறகு தட்டினாள். வாயைத் திறந்து கேட்கவே இல்லை. சத்தம் ஓய்ந்த பிறகும் நான் காத்திருந்தேன். விட்டுக்கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஊரார் கொலைகாரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கதவைத் திறந்தபோது அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. இரண்டு முட்டியும் மண்ணில், நெற்றி கதவில்.

முடியாது என்றாளே ஐயா, முடிந்ததா இல்லையா?