கோழிக்குக் காலண்டர் பார்த்தவள்

எண்பதுகளில் கணினி முடிவுகள் பேருந்தில்தான் வீட்டுக்குப் போகும். இரு ஓரமும் துளையிட்ட, மடிப்பு மடிப்பான தாள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் அதை விரித்தார்கள். உறைகோழி இறக்குமதி செய்யும் அலுவலகத்தில் வேலை; எந்த மாதம் எவ்வளவு கோழி விற்கும் என்று முன்கூட்டியே கணிக்க, கணினியில் ஆளுக்கொரு மாடல் செய்திருந்தார்கள்.

"ரெண்டு மாடலும் பொய்தான் சொல்லுது, அண்ணே. உங்களோடது அழகாச் சொல்லுது," என்றாள் இளையவள்.

"எர்ரர் எனக்குத்தான் கம்மி, மேரி."

"படிச்ச பாடத்துலயே பரீட்சை வச்சா? போன வருஷக் கணக்கை மறைச்சு வச்சு ரெண்டையும் ஓட்டினேன். உங்களோடது ஜனவரியிலயே கோழியெல்லாம் இறக்கிடுச்சு. சீனப் புத்தாண்டு வந்தது பிப்ரவரியில லா!"

"மெஷினுக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரியாது. வருஷா வருஷம் எந்த மாசம்னு காலண்டர் பார்த்து என்னோடதுல நான்தான் சேர்த்தேன்."

மூத்தவர் வெளியே பார்த்தார். "இந்தத் தடவையும் கோழி பத்தலன்னா பாஸ் என்னை ஐஸ் ஸ்டோருக்கு மாத்திடுவாரு. நாளைக்கு உன்னோடதையே குடுப்போம். என் பேரையும் போடு."

மூத்தவர் பெயர் முதலில் என்பது அன்றைய நடைமுறை. மேரி பேனாவை எடுத்துத் தன் பெயரை முதலில் எழுதினாள். அவர் பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரை எழுதினார்.